புதுக் கமரா கையில் வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆடி, ஆவணியில் வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து திரும்பினால், அடுத்த கிழமையே யாராவது ஒருவர் தோளில் புதுக் கமராப் பையோடு எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருவார். "மாமா தந்திட்டுப் போனவர் அண்ணை, ஒண்டும் விளங்கேல்லை." ஃபில்ம் காலத்தில் ஸ்ரூடியோவில் வேலை பழகியவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள். எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றைத்தான். ஒரே பதிலை மாமரத்தடியில் இருந்து இருபதாவது தடவை சொன்ன நாளில்தான் இதை எழுதி வைக்கும் யோசனை வந்தது.

கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன். லென்ஸ் கழற்றி மாட்டும் கமராக்களை நினைத்து எழுதியது. கனன், நிக்கோன், சோனி எதுவானாலும் வேலை ஒன்றுதான், மெனுவில் பெயர்தான் மாறும்.

கனடாவில இருந்து வந்த கமரா. சார்ஜரை எங்கட பிளக்கில போட்டா எரிஞ்சு போகாதா?

சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 100–240 வோல்ற் என்று இருந்தால் பயமில்லை. கனடாவில் 120 வோல்ற், இங்கே இலங்கையில் 230. கமரா சார்ஜர்கள் அநேகமாக இரண்டையும் தாங்கும். முள்தான் பொருந்தாது, அதற்கு ஒரு அடப்டர் போதும். அதே பெட்டியில் வந்த தலைமுடி காயவைக்கும் மெஷினை மட்டும் இந்தத் தைரியத்தில் செருகிவிடாதீர்கள். அதிலும் எழுத்தைப் பார்க்க வேண்டும்.

சார்ஜ் ஏறியதும் முதல் வேலை, நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றுவது. இதை அநேகமாக எல்லாரும் மறக்கிறார்கள். ரொறன்ரோ நேரத்திலேயே விட்டால், காலை 10 மணிக்கு எடுத்த நல்லூர்க் கொடியேற்றம் நள்ளிரவு 12.30க்கு எடுத்ததாகப் பதிவாகும். பிறகு போன் படங்களையும் கமராப் படங்களையும் ஒன்றாக அடுக்கும்போது தலை சுற்றும்.

கண்ணை வைச்சுப் பாத்தா எல்லாம் மங்கலாத் தெரியுது. பழுதான கமராவைத் தந்திட்டினமோ?

இல்லை. கண் வைக்கும் துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சில்லு இருக்கும். உள்ளே தெரியும் எழுத்துகளும் இலக்கங்களும் உங்கள் கண்ணுக்குத் தெளிவாகும் வரை அதைத் திருப்புங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவருக்கு ஒரு இடம், போடாதவருக்கு இன்னொரு இடம். கமராவைத் தந்த மாமா தன் கண்ணுக்கு வைத்தது உங்களுக்கு மங்கலாகத்தான் தெரியும். எடுக்கும் படத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மேல இருக்கிற சில்லில பச்சைப் பெட்டி, பி, ஏ, எஸ், எம் எண்டு கிடக்கு. எதில வைக்கிறது?

தோட்டத்துக்குத் தண்ணீர் மாறியிருக்கிறீர்களா? பாத்தியின் வாயை மண்வெட்டியால் அகலமாக வெட்டினால் கெதியாக நிரம்பும். ஒடுக்கமாக வெட்டினால் கன நேரம் விடவேண்டும். கமராவுக்குள் வெளிச்சம் வருவதும் அப்படித்தான். லென்ஸின் வாய் எவ்வளவு அகலம் என்பதுதான் எஃப் எண். ஆனால் இலக்கம் தலைகீழ்: எஃப் 2.8 அகலம், எஃப் 16 ஒடுக்கம். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது ஷட்டர் வேகம், விநாடியில் 60இல் ஒரு பங்கு, 500இல் ஒரு பங்கு என்று வரும். மூன்றாவது ஐ.எஸ்.ஓ., உள்ளே வந்த வெளிச்சத்தைக் கமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்பது. அதற்குத் தனிக் கேள்வி கீழே உண்டு.

பச்சைப் பெட்டியில் எல்லாவற்றையும் கமராவே தீர்மானிக்கும். பி-யில் அகலத்தையும் நேரத்தையும் அது பார்க்கும், மற்றவற்றை நீங்கள் மாற்றலாம். ஏ-யில் அகலத்தை நீங்கள் சொல்ல நேரத்தை அது கணக்குப் பார்க்கும். எஸ் அதற்கு எதிர்மாறு. எம்-இல் இரண்டும் உங்கள் பொறுப்பு. கனனில் ஏ, எஸ் இரண்டும் ஏவி, டிவி என்று இருக்கும்.

முதல் மாதம் முழுக்க ஏ-யிலேயே எடுங்கள் என்பதுதான் என் யோசனை. ஒரு ஆளைத் தனியாக எடுத்துப் பின்னணியை மங்கலாக்க லென்ஸ் போகும் மிகச் சின்ன எஃப் எண். பத்துப் பேர் இரண்டு வரிசையில் நின்றால் எஃப் 8. இவ்வளவுதான் தொடக்கத்துக்கு. எம்-இல் எடுத்தால்தான் படம் எடுக்கத் தெரிந்தவன் என்று சிலர் கதைப்பார்கள். முப்பது வருடம் படம் எடுத்த நான் இன்றும் கலியாணவீட்டில் பாதி நேரம் ஏ-யில்தான் நிற்கிறேன்.

மெனுவுக்குள்ள நூறு விசயம் கிடக்கு. எல்லாத்தையும் படிச்சு முடிக்கவேணுமோ?

வேண்டாம். நேரம், படத்தின் தரம், படம் பதியும் மெமரி காட்டை (இனி வெறும் காட்) அழித்துப் புதிதாக்கும் இடம், படம் எந்த இடத்தில் தெளிவாக வரவேண்டும் என்று சொல்லும் குவியப் புள்ளியை நகர்த்தும் விதம், கூட்டல் கழித்தல் பொத்தான். இந்த ஐந்தும் எங்கே இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு தெரிந்தால் போதும். மற்றவை தேவை வரும்போது தானாகப் பழகும். பேரப்பிள்ளை எதையோ அமத்திப் படமெல்லாம் நீலமாக வருகிறது என்றால், தேடி மினக்கெடாமல் மெனுவின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ரீசெட்டைப் போடுங்கள். படங்கள் அழியாது. நேரத்தை மட்டும் பிறகு ஒருக்கால் பாருங்கள்.

ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினா படம் பழுதாப் போகுமாமே?

மணல் தூவியது மாதிரிப் புள்ளி வரும், உண்மைதான். ஆனால் புள்ளி உள்ள தெளிவான படத்தை அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டலாம். புள்ளியே இல்லாமல் கை ஆடிக் கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. 100இலேயே பூட்டி வைத்துக்கொண்டு பின்னேரத் திருவிழாவுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். ஐ.எஸ்.ஓ.வை ஓட்டோவில் விட்டு, மேல் எல்லை 6400 என்று வையுங்கள்.

கலியாணவீட்டில வெள்ளை வேட்டி சாம்பலா வருது. யன்னலுக்கு முன்னால நிக்கிற ஆளின்ர முகம் கறுத்துப்போகுது. ஏன்?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் முக்கியமானது. இது விளங்கினால் பாதிக் கமரா விளங்கினது மாதிரி.

கமராவுக்கு வேட்டியும் தெரியாது, மாப்பிள்ளையும் தெரியாது. தனக்கு முன்னால் உள்ளது எதுவானாலும் சராசரியில் ஒரு நடுத்தரச் சாம்பலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தை அளக்கிறது. வேலியும் மரமும் ஆக்களும் கலந்து நிற்கும் இடத்தில் அந்த நினைப்புச் சரிவரும். கசூரினா கடற்கரை வெள்ளை மணலில் சரிவராது. "இவ்வளவு வெளிச்சமா, கூடிப்போச்சு" என்று அது குறைத்துவிடும், மணல் அழுக்காகத் தெரியும். கருங்கல் சிலையை நெருக்கமாக எடுத்தால் எதிர்மாறு: கறுப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும், கல் வெளிறிப்போகும்.

திருத்துவது லேசு. கூட்டலும் கழித்தலும் சேர்ந்த குறி போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். வெள்ளை நிறைய இருந்தால் கூட்டுங்கள், +1 வரை. கறுப்பு நிறைய இருந்தால் கழியுங்கள். மனதுக்கு எதிர்மாறாகத்தான் படும், ஆனால் அதுதான் சரி. யன்னலுக்கு முன்னால் நிற்கும் முகத்துக்கும் +1 அல்லது +1.5 போடுங்கள், வெளியே முற்றம் வெளுத்துப்போனால் போகட்டும். முற்றத்தைப் பார்க்க யாரும் அல்பம் திறப்பதில்லை. முடிந்ததும் பூச்சியத்துக்குத் திருப்ப மறக்காதீர்கள். "ரெண்டு நாளா எல்லாப் படமும் வெளிறுது" என்று வருபவர்களில் பாதிப்பேர் இதை மறந்தவர்கள்.

மத்தியானத்தில எடுத்தா ஆக்களின்ர கண்ணுக்குள்ள இருட்டா இருக்கு. வெயில் நல்லாத்தானே எறிக்குது?

நல்லாய் எறிப்பதுதான் பிரச்சினை. சித்திரைப் புத்தாண்டு நாட்களிலும் ஓகஸ்ட் கடைசியிலும் யாழ்ப்பாணத்தில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கும். புருவத்தின் நிழல் கண்ணில் விழும், மூக்கின் நிழல் வாயில் விழும். ஆளை வேப்பமர நிழலுக்கோ விறாந்தைக்கோ கூட்டிப்போங்கள். நகர முடியாது என்றால் பட்டப்பகலிலேயே ஃபிளாஷைப் போடுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், படம் வந்த பிறகு சிரிக்கமாட்டார்கள். கமராவோடு வரும் சின்ன ஃபிளாஷ் மூன்று நான்கு மீற்றருக்குத்தான் எட்டும். மேடையில் ஆடும் பிள்ளையைப் பதினைந்தாவது வரிசையில் இருந்து அதைப் போட்டு எடுப்பது, முன்னால் இருப்பவரின் பிடரியை எடுப்பதுதான்.

விளக்கு வெளிச்சத்தில எடுத்தா அந்தப் பொன் நிறம் வரேல்ல. வெள்ளையா, சப்பெண்டு இருக்கு.

நிறச் சமநிலையை ஓட்டோவில் விட்டால், மஞ்சளைப் பிழை என்று நினைத்துக் கமரா அகற்றிவிடும். வேட்டியைச் சாம்பலாக்கிய அதே கதைதான், இங்கே நிறத்தில். சூரியப் படம் போட்ட அமைப்புக்கு மாற்றுங்கள், தீபத்தின் நிறம் அப்படியே இருக்கும். வீட்டுக்குள் ரியூப் லைற் வெளிச்சத்துக்கு வந்ததும் ஓட்டோவுக்குத் திரும்புங்கள். கோயில்களில் உள்வீதிப் படத்துக்கு அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டே கமராவைத் தூக்குங்கள். நல்லூரில் உள்ளே எடுக்க விடமாட்டார்கள்.

பிள்ளை ஓடேக்க எடுத்தா கலங்கி வருது. ஆட்டம் தாங்கிற வசதி இருக்கெண்டுதானே இந்த விலை?

அது தாங்குவது உங்கள் கையின் ஆட்டத்தை, பிள்ளையின் ஓட்டத்தை அல்ல. அசையாமல் இருக்கும் நூலகக் கட்டடத்தை அந்தியில் கையில் பிடித்து எடுக்க அது பெரிய உதவி. ஓடும் பிள்ளைக்கு ஷட்டர் வேகம்தான் மருந்து. எஸ்-க்கு மாற்றி 500இல் ஒரு பங்கு வையுங்கள். பரதநாட்டியத்துக்கு 250இல் ஒரு பங்கில் தொடங்கலாம், ஆனால் தட்டடவு வேகத்தில் போதாது. வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவில் காற்றில் திமிறும் பட்டத்துக்கு 1000இல் ஒரு பங்கு. வேகம் கூடினால் வெளிச்சம் குறையும், அப்போது ஐ.எஸ்.ஓ. தானாக ஏறும். ஏறட்டும், மேலே சொன்னேனே.

அமத்தினாப் பிறகு கொஞ்சம் பிந்தித்தான் எடுக்குது. தாலி கட்டுறது தப்பிப்போச்சு!

பிந்தியது கமரா அல்ல, குவியம் தேடிய நேரம். பொத்தானில் இரண்டு படி உண்டு. பாதி அமத்தினால் குவியம் பிடிக்கும், முழுக்க அமத்தினால் எடுக்கும். தாலி கைக்கு வந்ததுமே பாதி அமத்திப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். கெட்டிமேளம் எழும்பும்போது மிச்சத்தை அமத்துங்கள்.

இன்னொன்று: கமரா தன் இஷ்டத்துக்குப் பின்னால் நிற்கும் மாமியின் சேலையில் குவியம் பிடித்துவிடும். சரிகை மினுங்குவதால் அதற்கு அதுதான் பிடிக்கும். ஒரு புள்ளியைத் தெரிவு செய்து அதை முகத்தில் வையுங்கள். கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி உள்ள புதிய கமரா என்றால் அதைப் போட்டுவிடுங்கள், என் வயதுக்காரரைவிட அது கெட்டிக்காரத்தனமாகப் பிடிக்கிறது. ஆள் அசைந்துகொண்டே இருந்தால் தொடர் குவியத்துக்கு மாற்றவேண்டும்.

மண்டபத்துக்குள்ள வீடியோ எடுத்தா கறுப்புக் கோடு மேலயும் கீழயும் ஓடுது. லென்ஸ் பழுதோ?

கடையில் இரண்டு பேர் இதற்காக லென்ஸ் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். லென்ஸுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. மின்சாரம் கனடாவில் விநாடிக்கு 60 சுற்று, இங்கே 50. நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விளக்குகள் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை மங்கி எழும்பும், ஆகவே இங்கே விநாடிக்கு 100 தடவை. அங்கிருந்து வந்த கமரா விநாடிக்கு 30 அல்லது 60 படம் எடுக்கும்படி இருக்கும். இரண்டு தாளமும் ஒத்துப்போகாததால் கோடு ஓடுகிறது.

மெனுவில் வீடியோ முறை என்.ரி.எஸ்.சி. என்று இருக்கும், அதைப் பால் என்று மாற்றுங்கள். குடிக்கும் பால் இல்லை, பெயர் அப்படி. இப்போது விநாடிக்கு 25 அல்லது 50 படம் வரும். ஷட்டரை 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு வைத்தால் கோடு போய்விடும். சில கமராக்கள் இந்த மாற்றத்தோடு காட்டையும் அழித்துப் புதிதாக்கக் கேட்கும், அதனால் முதலில் படங்களைக் கணினிக்கு எடுத்துவிடுங்கள்.

மேடையில் நிறம் மாறும் எல்.இ.டி. விளக்குகள் வேறு சாதி. அவை மின்சாரத்தின் தாளத்துக்கு எரிவதில்லை. ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் கோடு மறையும் இடத்தைத் தேடுவதுதான் வழி. சத்தமில்லாத ஷட்டரில் எடுத்த படங்களிலும் இதே கோடு வரலாம். அப்படியானால் சத்தம் போடும் சாதாரண ஷட்டருக்குத் திரும்புங்கள்.

ஜேபெக்கில எடுக்கிறதோ, றோவில எடுக்கிறதோ?

ஜேபெக் சமைத்த சோறு, கமராவே முடித்துத் தருவது. றோ அரிசி, நீங்கள்தான் முடிக்கவேண்டும். கணினியில் இருந்து சமைக்க விருப்பமும் நேரமும் இருந்தால் றோ. வெளிச்சம் பிழைத்த படத்தைப் பின்னால் திருத்த அதில்தான் இடம் அதிகம். இல்லாவிட்டால் உயர்தர ஜேபெக் தாராளமாகப் போதும். இரண்டையும் ஒன்றாகச் சேமிக்கும் அமைப்பும் உண்டு, சாமத்தியவீடு மாதிரித் திரும்ப எடுக்க முடியாத நிகழ்வுக்கு நான் அதைத்தான் பாவிக்கிறேன்.

காட் எத்தினை ஜி.பி. வாங்குறது? மலிவா 512 ஜி.பி. கிடைக்குதே.

24 மெகாபிக்சல் கமராவில் ஒரு ஜேபெக் சுமார் 10 எம்.பி., ஒரு றோ 25 முதல் 30 எம்.பி. வரை. 64 ஜி.பி. காட்டில் ஆறாயிரம் ஜேபெக் அளவுக்குப் போகும். பெரிய காட் ஒன்றைவிட 64 ஜி.பி. காட் இரண்டு நல்லது, ஒன்று பழுதானால் மற்றது மிஞ்சும். 4 கே வீடியோ எடுப்பவர்கள் வி 30 என்று போட்ட காட்டை வாங்குங்கள். அது விநாடிக்குக் குறைந்தது 30 எம்.பி. எழுதும்.

மலிவு 512 பற்றி என் சொந்த அனுபவம் உண்டு. ஒரு கடையில் பாதி விலைக்கு வாங்கினேன். கணினி அதை 512 என்றுதான் காட்டியது. உண்மையில் உள்ளே இருந்தது மிகக் கொஞ்சம். அது நிரம்பிய பிறகு எடுத்த ஒரு படமும் திறக்கவில்லை. போனது மருமகளின் வளைகாப்பு. இப்போது புதுக் காட் எதை வாங்கினாலும் முழுக்க நிரப்பித் திருப்பிப் படித்துப் பார்த்த பிறகுதான் வேலைக்குக் கொண்டுபோவேன்.

காட்டில் எழுத முடியாது என்று கமரா சொன்னால், காட்டின் பக்கத்தில் உள்ள சின்னப் பூட்டு கீழே இறங்கியிருக்கும். மேலே தள்ளுங்கள்.

கை பட்டு எல்லாப் படமும் அழிஞ்சு போச்சு அண்ணை! இனி ஒண்டும் செய்யேலாதோ?

அழாதீர்கள். அந்தக் காட்டில் இனி ஒரு படமும் எடுக்காதீர்கள், உடனே கழற்றுங்கள். அழித்தாலும் படம் உள்ளேயே கிடக்கும், அதன் இடம் காலி என்று மட்டும்தான் பெரும்பாலும் குறிக்கப்படுகிறது. மேலே புதிது எழுதப்படாதவரை மீட்பு மென்பொருள் பெருமளவு திருப்பி எடுக்கும். மேலே சொன்ன போலிக் காட் என்றால் மட்டும் நம்பிக்கை இல்லை, அதில் படம் எழுதப்படவே இல்லை.

வட்ஸ்அப்பில அனுப்பினா போன் படம் மாதிரித்தானே இருக்கு. பிறகென்னத்துக்கு இந்தக் கமரா?

இரண்டு இடத்தில் படம் சுருங்குகிறது. கமராவில் இருந்து போனுக்கு வைஃபையில் எடுக்கும்போது பல செயலிகள் 2 மெகாபிக்சலாகக் குறைத்தே கொண்டுவரும், அமைப்பில் முழு அளவு என்று மாற்றவேண்டும். பிறகு வட்ஸ்அப் தன் பங்குக்கு நசுக்கும். படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பினால் உள்ளது உள்ளபடி போகும்.

ஒரு வருசம் அலுமாரிக்குள்ள கவனமா வைச்சிருந்தன். லென்ஸுக்குள்ள சிலந்திவலை மாதிரி ஏதோ கிடக்கு.

பூஞ்சணம். கவனமாக அலுமாரிக்குள் வைத்ததுதான் காரணம். இருட்டும் ஈரமும் அதற்கு விருந்து, ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அரிசிப் பானைக்குள் வைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், தவிட்டுத்தூசி பொத்தானுக்குள் எல்லாம் போய்விடும். கிழமைக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பாவியுங்கள். உள்ளே பிடித்துவிட்டதை நீங்கள் துடைக்க முடியாது, லென்ஸைப் பிரிக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்கவேண்டும்.

குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்குப் படகில் போகும்போது கமராவை மூடியே வைத்திருங்கள். உப்புத்தண்ணீர் தெறித்துவிட்டால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடனே துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். காய்ந்த உப்பை வெறும் துணியால் தேய்த்தால் கண்ணாடி கீறும்.

எல்லாப் படத்திலயும் வானத்தில ஒரே இடத்தில கறுப்புப் புள்ளி. லென்ஸைத் துடைச்சும் போகேல்ல.

தூசி லென்ஸில் இல்லை, உள்ளே வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சரில் இருக்கிறது. எஃப் 16 போன்ற ஒடுங்கிய வாயில்தான் கூடத் தெரியும், எஃப் 5.6இல் அநேகமாக மறைந்துவிடும். மெனுவில் சென்சர் சுத்தம் செய்யும் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். போகாவிட்டால் கமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து ரப்பர் ஊதியால் ஊதுங்கள். உங்கள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் பட்டால் தூசியைவிடப் பெரிய கறை. செம்மண் புழுதி பறக்கும் ஒழுங்கையில் நின்று லென்ஸ் மாற்றுவதையும் விடுங்கள்.

சுண்டிக்குளத்தில பூநாரை எடுக்கப் போனன். 250 லென்ஸ் போட்டும் புள்ளியாத்தான் வந்துது.

ஒன்றேகால் மீற்றர் உயரப் பறவை 200 மீற்றர் தூரத்தில் நின்றால், 250 மில்லிமீற்றர் லென்ஸில் அது படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குதான் வரும். டிஜிற்றல் சூமைப் போட்டாலும் பலனில்லை, அது படத்தை வெட்டிப் பெருப்பிக்கிறது. அதை வீட்டில் கணினியிலும் செய்யலாம். தூரத்தைக் குறைப்பதுதான் மருந்து, ஆனால் துரத்தினால் கூட்டமே எழும்பிவிடும். விடியலில் போய் ஒரே இடத்தில் இருந்து காத்திருங்கள். பத்து மணிக்குப் பிறகு களப்பின் மேல் வெக்கை எழும்பிக் காற்று நெளியும், அப்போது எந்த விலை லென்ஸும் தெளிவாக எடுக்காது. கட்டுப்பாட்டுப் பலகை உள்ள இடங்களில் கமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு கடந்து போங்கள்.

உள்ளதைச் சொல்லுங்கோ அண்ணை. என்ர போனில எடுக்கிறது இதைவிட வடிவா இருக்கே?

சில இடங்களில் வடிவாகத்தான் இருக்கும். போன் ஒரு தடவை அமத்தும்போது பல படங்களை எடுத்து, இருட்டைத் தூக்கி, வானத்தை அடக்கி, ஒன்றாகச் சேர்த்துத் தருகிறது. யன்னலுக்கு முன்னால் நிற்கும் முகத்தை அது கேட்காமலே திருத்திவிடும். கமரா பெரும்பாலும் ஒரே ஒரு படத்தை எடுத்து உங்கள் கையில் தருகிறது.

ஆனால் அரங்கேற்றத்தில் பதினைந்தாவது வரிசையில் இருந்து மகளின் கண்ணை எடுக்கவும், தேர் வடம் பிடிப்பவரின் புயத்தில் வியர்வை சிதறுவதை நிறுத்தவும், இருபது அங்குல அகலத்தில் அச்சடித்து மாட்டவும் போன் தடுமாறும். போன மாதம் இதே கேள்வியைக் கேட்ட தம்பியிடம் கமராவை ஏ-யில் வைத்து, எஃப் எண்ணைக் குறைத்து, வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த எங்கள் அம்மாவைக் காட்டி +1 போட்டு எடுக்கச் சொன்னேன். எடுத்துப் பார்த்தான். பிறகு போனிலும் எடுத்துப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவிடம் "ஒருக்கா நிமிருங்கோ ஆச்சி" என்றுவிட்டுக் கமராவைத்தான் திரும்பத் தூக்கினான்.